ஐம்பது மீற்றர் சட்டம்

கிண்ணியாவிலிருந்து கந்தளாய்ச் சந்தைக்கு மீன் ஏற்றிப் புறப்பட்ட லாபிரின் பிக்கப், காவலரணுக்குச் சற்று முன்னால் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பெட்டிகளில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவ்வழியே வந்த தெரிந்தவன் முத்தன் தன் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி, நடுவில் சிவப்புத் துணியும் முடிந்து, முறைப்படி இழுத்தான். ஆமிக்காரன் மறித்தான்.

"ரெண்டு வாகனத்துக்கு நடுவில ஐம்பது மீற்றர் வேணும். சட்டம்."

"ஐயா, கயிறே அஞ்சு மீற்றர்தான்," என்றார் லாபிர்.

"அப்ப கயித்தை அவிழ்."

அவிழ்த்தால் பிக்கப் நகராது. நின்றால் மீன் நாறும்.

"காக்கா, உங்கட மீன்வாடியில கரைவலைக் கயிறு கிடக்குதெல்லே?" என்று லாபிரைக் கேட்டான் முத்தன்.

வாடியிலிருந்து அறுபது மீற்றர்க் கயிறு வந்தது; இரண்டு வாகனத்தையும் அதில் பிணைத்தார்கள். உழவு இயந்திரம் சோதனை முடிந்து வளைவுக்குள் மறைந்தபிறகு, பிக்கப் சத்தமேயில்லாமல் ஊர்ந்து வந்து காவலரணில் நின்றது.

"இஞ்சினை நிப்பாட்டு!"

"விடியவே நிப்பாட்டிட்டன், ஐயா."

ஆமிக்காரன் இஞ்சினுக்கு மேலிருந்த பொனற்றைத் தொட்டுப் பார்த்தான். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது. இத்தனை காலத்தில் சட்டத்தை இவ்வளவு மதித்தவரை அவன் கண்டதில்லை. பெட்டிகளைக் கொட்டிப் பாராமலே கையைக் காட்டினான்.

அன்று கந்தளாயில் லாபிரின் பாரைமீன்கள் வாங்கவந்தவர்களைப் பார்த்துக் கண்சிமிட்டின.