அண்ணன் அடிக்கும் பந்து

வருகிறவர்களிடமெல்லாம் "பல்லைக் கடிக்காதீங்க, தேஞ்சு போயிடும்" என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவரும் பல் டாக்டர், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோல்ஃப் கிளப்பின் கமிட்டி அறையில் உட்கார்ந்து தன் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே கேப்டன் பேசிக்கொண்டிருந்தார். கேப்டன் என்றால் கப்பலும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டிக் கொடுப்பது தொழில். கிளப்பில் இந்த வருடம் கேப்டன் பதவி அவருக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் பதவி வந்த நாளிலிருந்து அவர் நாற்காலியில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் விருந்தினர் போட்டியில் ஒவ்வொரு உறுப்பினரும் வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து ஜோடியாக ஆடலாம். எந்த முறையில் ஆடுவது என்று நான்கு பேர் கமிட்டி முடிவு செய்யும். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் கேப்டன் சொன்னதுதான் முடிவு. கேப்டனையும் பல் டாக்டரையும் தவிர கமிட்டியில் இன்னும் இரண்டு பேர். விதிகள் அச்சிட்ட குட்டிப் புத்தகத்தைக் குளிக்கும்போது மட்டும் கீழே வைக்கிறார் என்று பெயர் வாங்கிய 'சட்டப்புத்தகம்' ஒருவர். பத்து வருடமாக உறுப்பினராக இருந்தும் இன்னும் எது எந்த ஆட்டம் என்று குழம்பும் மருந்துக் கடைக்காரர் இன்னொருவர்.

பல் டாக்டரின் விருந்தினர் அவள் அண்ணன். நிலம் அளக்கும் சர்வேயர். முன்பு இதே போட்டிக்கு வந்து அவளோடு ஆடியவர். பதினாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் கையிலிருந்த பிரஷ் நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. பக்கவாதம். வலது கைக்கும் காலுக்கும் பாதி பலம்தான் திரும்பியது. பேச்சு முழுதாகத் திரும்பியது, ஆனால் நடுவில் நின்று நின்று வந்தது. அன்றிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். போன மாதம் அவள் இந்தப் போட்டிக்குக் கூப்பிட்டபோது மட்டும் "வரேன்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "வரேன்... ஆனா..." என்று அவர் இழுத்ததும், "ஆனா கஷ்டமான ஆட்டமா இருக்கக் கூடாது, அதானே? அதை நான் பார்த்துக்கறேன், விடு" என்று அவளே முடித்து வைத்தாள். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவள் இங்கே உட்கார்ந்திருந்தாள். கேப்டனோ அந்த வாக்கின் மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஒத்தைப் பந்து ஆட்டம்தான் சரி" என்றார். "ஜோடிக்கு ஒரே பந்து. முதல் அடி நீங்க, அடுத்த அடி உங்க கெஸ்ட், மறுபடி நீங்க. குழிக்குள்ள விழற வரைக்கும் மாத்தி மாத்தி. போன வருஷம் ஆளுக்கு ஒரு பந்துன்னு வச்சு அஞ்சரை மணி நேரம் ஆச்சு. சாப்பாடு ஆறிப் போச்சு."

"அப்ப கெஸ்ட் மோசமா அடிச்சா?" என்று கேட்டார் மருந்துக் கடைக்காரர்.

"எங்க விழுந்துச்சோ அங்க இருந்து நீங்க அடிக்கணும். புதர்னா புதர், மணல்னா மணல்."

பல் டாக்டர் மேஜையில் இரண்டு கையையும் வைத்தாள். மேஜைக்கு ஒரு கால் குட்டை. அது அவள் பக்கம் சாய்ந்தது.

"எல்லா கெஸ்ட்டும் உங்களை மாதிரி வாட்டசாட்டமா இருக்க மாட்டாங்க. ஸ்க்ராம்பிள் வைக்கலாம். ரெண்டு பேரும் அடிக்கட்டும். ரெண்டுல எது நல்லா விழுந்திருக்கோ அங்க இருந்து ரெண்டு பேரும் மறுபடி அடிக்கட்டும். சரியா அடிக்காதவர் தன் பந்தை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டாப் போச்சு. யாருக்கும் சங்கடம் இல்ல."

"கெஸ்ட்டைக் கூட்டிட்டு வர்றவங்க ஆடத் தெரிஞ்சவங்களாப் பார்த்துக் கூட்டிட்டு வரணும், டாக்டர். நடக்க முடியாதவங்களுக்காக ஆட்டத்தை மாத்த முடியுமா?"

விருந்தினர் பட்டியல் அவர் முன்னால்தான் கிடந்தது. மூன்றாவது வரியில் அண்ணன் பெயர். தெரிந்தே சொல்கிறான் இந்த ஆள் என்று அவளுக்குச் சுரீரென்றது. காதுவரை சூடு ஏறியது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் கழுத்து வியர்த்தது.

"போன வருஷம் நடந்ததுல எனக்கே..." என்று கேப்டன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"போன வருஷமா? நல்லா ஞாபகப்படுத்தினீங்க. உங்க மச்சான் ஹேண்டிகேப் பதினெட்டுன்னு எழுதிக் குடுத்தாரு. சுமாரா ஆடறவங்களுக்குக் குடுக்கற சலுகை அது. தொண்ணூறு அடி அடிச்சு முடிக்க வேண்டிய மனுஷன் எழுபத்தொன்பதுலயே முடிச்சாரு. நீங்க ரெண்டு பேரும் கோப்பையைத் தூக்கிக்கிட்டு போட்டோ எடுத்தீங்க. ஆடத் தெரிஞ்ச கெஸ்ட்னா இப்படித்தான் இருக்கணுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். கேப்டனின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அந்தக் கோப்பை இருந்தது. அதில் அவர் பெயரும் மச்சான் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. மருந்துக் கடைக்காரர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியவர்போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்புத்தகம் புத்தகத்தைப் புரட்டி, ஸ்க்ராம்பிள் விதிகளுக்கு முரணானது அல்ல என்றார். அவ்வளவு போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஓட்டு மூன்றுக்கு ஒன்று. கேப்டன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அறிவிப்பை அலுவலகக் கம்ப்யூட்டரில் அவளே அடித்தாள், அவளே அச்செடுத்தாள். ஒரு ஊசி போதும் என்ற இடத்தில் நான்கு ஊசி குத்திப் பலகையில் மாட்டினாள். ஜெயித்த பிறகும் கோபம் இறங்கவில்லை. காரை எடுக்கும்போது இரண்டு தடவை கியர் கடித்தது.

அண்ணன் வீட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. அண்ணி கதவைத் திறந்தாள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டையின் கீழ்ப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பல் டாக்டர் உள்ளே வந்ததும் வராததுமாக அதைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். தட்டில் இருந்த ஆப்பிளைத் துண்டு போட்டு அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தாள். பிறகு மூச்சு விடாமல் கதையைச் சொன்னாள். கேப்டன் சொன்னது, தான் கேட்டது, கோப்பை, மச்சான், மூன்றுக்கு ஒன்று.

"மூக்கை உடைச்சுட்டேன் அண்ணா. இனிமே நீ ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். நீ சும்மா வந்து அடி. நல்லா விழலைன்னா எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கோ. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அண்ணன் ஆப்பிளைத் தொடவில்லை. "எனக்கு... அது..." என்றார்.

"அது போதும், அதானே? எனக்குத் தெரியாதா?"

நாற்காலிக் கையில் அண்ணனின் இடது கை ஓங்கி விழுந்தது. தட்டு எகிறி, ஆப்பிள் துண்டுகள் தரையில் ஓடின. அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"வேண்டாம்" என்றார் அண்ணன். "நான்... வரலை."

"என்னண்ணா இது? உனக்காகத்தானே அந்த ஆளோட..."

"பேசாதே." முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "தண்ணி... எடுத்துக் குடுக்கறாங்க. செருப்பு மாட்டி விடறாங்க. பட்டன்... நீ போட்டு விடறே. என் வாயில இருக்கற வார்த்தையைக்கூட... நீ எடுத்துக்கறே. அங்கயும் வந்து... என் பந்தை... நானே பாக்கெட்ல போட்டுக்கிட்டு... பதினெட்டுக் குழிக்கும்... உன் பின்னால நடக்கணுமா?"

அவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆனான்னு... சொன்னேன். அன்னைக்கு. ஆனா என் பந்தும்... கணக்குல வரணும். அதைத்தான்... சொல்ல வந்தேன். ஒத்தைப் பந்து ஆட்டம்னா... வரேன்னு சொல்ல வந்தேன். நான் அடிச்ச இடத்துல இருந்துதான்... நீ அடிக்கணும். புதர்ல போட்டா... புதர்ல இருந்து. தூக்கி எறிய... முடியாது."

அண்ணி குனிந்து ஆப்பிள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. மூணு மாசமா தினம் காலையில பக்கத்து ஸ்கூல் மைதானத்துக்குப் போறோம். இடது கையாலேயே அடிக்கறாரு. டேப் பிடிக்கறது நான்தான். எண்பது கஜம் போகுது. கோடு போட்ட மாதிரி நேராப் போகுது."

அண்ணன் ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு ஸ்கோர் அட்டையை எடுத்து அவள் மடியில் போட்டார். கிளப்பின் பழைய அட்டை. இடது கையால் எழுதிய எழுத்துகள் கட்டம் தாண்டிச் சாய்ந்து கிடந்தன. ஒற்றைப்படைக் குழிகளுக்கு எதிரே 'நான்', இரட்டைப்படைக் குழிகளுக்கு எதிரே 'அவள்'. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை யார் அடிப்பது என்பதும் மாறி மாறி வரும். நாலாவது குழியிலும் பன்னிரண்டாவது குழியிலும் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். இரண்டும் இரட்டைப்படை. எண்பது கஜத்துக்குள் தன்னால் ஆவது எது, தங்கையின் தோள் வேண்டியது எது என்று நிலத்தைப் பங்கு போடுகிற மாதிரி பிரித்து வைத்திருந்தார்.

அவளுக்கு அப்போது வந்த கோபத்துக்குக் கேப்டனும் காரணமில்லை, அண்ணனும் காரணமில்லை. யாருக்காகச் சண்டை போட்டாளோ அவரையே ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிருக்கிறாள். அவர் வருவதாகச் சொன்ன அந்த ஒரே ஆட்டத்தைப் பாடுபட்டுத் தோற்கடித்துவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் நான்கு ஊசி குத்தி. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வெட்கத்தில் கண் கரித்தது.

போனை எடுத்துக் கேப்டனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அசிங்கப்படுவதை அண்ணனும் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"கேப்டன், ஸ்க்ராம்பிள் வேண்டாம். ஒத்தைப் பந்தே வச்சுக்கலாம். காலையில நான் பேசினது தப்பு."

"நோட்டீஸ் ஒட்டியாச்சு டாக்டர். ஒட்டினது நீங்கதான்."

"தெரியும்."

"மச்சான் பண்ணினது எனக்கும் அவமானம்தான். ஒத்தைப் பந்து ஆடினா பாதி அடி மெம்பரோடது, அந்தத் தில்லுமுல்லுக்கு அவ்வளவா இடம் இருக்காதுன்னுதான் கேட்டேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

ஒரே நாளில் இரண்டு பேர் அதையே சொல்கிறார்கள்.

"நடக்க முடியாதவங்கன்னு நான் சொன்னதும் தப்புதான்" என்றார் கேப்டன், வேண்டாவெறுப்பாக. "அதுக்காக மூணு பேர் ஓட்டுப் போட்டதை உங்க இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. கமிட்டி என்ன விளையாட்டுச் சாமானா?"

அண்ணன் இடது கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

"கேப்டன்... நான்... அவ அண்ணன்."

"சொல்லுங்க சார்." கேப்டனின் குரல் மாறியது.

"ஒத்தைப் பந்துன்னா... வரேன். என் தங்கச்சி... ரொம்ப தூரம்... அடிப்பா."

"தெரியும் சார்."

"நேரா..."

அங்கேயே நின்றுவிட்டது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. 'நேராவும் அடிப்பா' என்பது பல் டாக்டரின் வாய்க்குள் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி அண்ணனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. போனின் அந்தப் பக்கத்தில் கேப்டனும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அந்த ஆளை முதல் தடவையாக மதித்தாள்.

"நேரா அடிக்க... அவளுக்கு வராது" என்றார் அண்ணன். "அதுக்குத்தான்... நான்."

கேப்டன் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. அண்ணி ஆப்பிள் தட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"நாளைக்குக் காலையில கமிட்டியைக் கூப்பிடறேன் சார்" என்றார் கேப்டன். "ஓட்டு மாறுச்சுன்னா அந்த நோட்டீஸை உங்க தங்கச்சி கையாலயே கழட்டச் சொல்லுங்க. நாலு ஊசியையும்."

போன் அணைந்தது.

"எனக்கா நேரா அடிக்க வராது?" என்றாள் பல் டாக்டர். நிஜமாகவே கோபமாகத்தான் கேட்டாள்.

அண்ணன் அவள் மடியிலிருந்த அட்டையைக் காட்டினார். நாலாவது குழிக்கு எதிரே, கட்டத்துக்கு வெளியே, கோணல் எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அவள் அதைக் கவனித்திருக்கவில்லை. 'போன தடவை இங்கே மட்டும் அவள் அடித்த மூன்று பந்து தண்ணீரில்.'

"படி" என்றார் அண்ணன். அந்தச் சொல் எங்கும் நிற்காமல் வந்தது.