செல்லாத சாம்பிள்

பம்பரத்துக்கு ஆறு வயது. ஓரிடத்தில் நிற்காததால் தாய்மாமன் வைத்த பெயர் அது. ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. கொஞ்ச நாளாகக் கழிவறைக் கதவைப் பார்த்தாலே அலறினாள். அடிவயிற்றில் தானே குத்திக்கொண்டாள். "இந்தக் குழந்தைங்க இப்படித்தான், ஒரு கட்டம், கடந்து போயிடும்" என்றார் பயிற்சி கொடுக்கும் டீச்சர்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. மகள் விஷயத்தில் எதைக் கழற்றிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அதனால் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அவள் சிறுநீர் சாம்பிள் கேட்டதும் உடனே சரி என்றுவிட்டார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சிறுநீரில், உடம்பு கழித்து வெளியேற்றும் சில பொருட்கள் கூடக்குறைய இருக்கின்றனவா என்று பார்க்கிறார்களாம். காலையில் போகும் முதல் சிறுநீரை டப்பாவில் பிடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் விடிகாலை ஷிப்ட். வேலை அப்பா தலையில் விழுந்தது. முதல் நாள் டப்பாவைப் பார்த்ததுமே பம்பரம் ஓட்டம் பிடித்தாள். மறுநாள் தட்டிவிட்டாள், சுவருக்கும் அவர் சட்டைக்கும் தாராளமாகக் கிடைத்தது, டப்பாவுக்குச் சொட்டுக்கூட இல்லை.

"விட்டுடுங்களேன். அவளே படாத பாடு படுறா" என்றாள் மனைவி.

"ஏதாவது தெரிஞ்சா நல்லதுதானே?"

"தெரிஞ்சா மட்டும்? பேச வெச்சுடுவாங்களா?"

ஆனாலும் அடுத்த நாள் குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டு, ஈரத்தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். தண்ணீரைப் பார்க்க வந்தவள், அவர் தோளில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே கொஞ்சம் ஒண்ணுக்குப் போனாள். டப்பாவில் விழுந்ததே போதும் என்றிருந்தது அவருக்கு. ஏன் அழுகிறாள் என்று யோசிக்கவில்லை. அவளை மச்சானிடம் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு சிக்னலிலும் ஐஸ் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஆய்வகத்துப் பெண் டப்பாவில் ஒரு சோதனைப் பட்டியைத் தோய்த்து எடுத்தாள். முகம் மாறியது.

"சார், இதை எடுத்துக்க முடியாது."

"என்னம்மா விளையாடுறீங்களா? இதுக்கு நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?"

"கோவப்படாதீங்க. கிருமித்தொற்று இருக்கிற மாதிரி காட்டுது. அது இருந்தா எங்க ஆராய்ச்சிக்கு ஆகாது. அதை விடுங்க, பாப்பாவுக்கு ஒண்ணுக்குப் போகும்போது வலிக்குதா?"

"அவளுக்குச் சொல்லத் தெரியாதும்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை, காலையில் அவள் நகம் பதித்த தோளுக்குப் போனது.

அன்றே டாக்டரிடம் ஓடினார்கள். தொற்றுதான், சில வாரமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் மனைவி பஸ் ஜன்னலைப் பார்த்தபடி வெடித்தாள்.

"சொல்லத் தெரியாதா? கத்திக் கத்திச் சொல்லியிருக்கா. நாமதான் ஆட்டிசம்னு ஒரே பேரைப் போட்டு மூடிட்டோம்."

முதல் வேளை மருந்தைப் பம்பரம் மாமன் முகத்திலேயே துப்பினாள். போராடித்தான் கொடுத்தார்கள். சில நாளில் அலறல் ஓய்ந்து, தானாகவே கழிவறைக்குள் போனாள். கட்டிலில் குதிப்பது மட்டும் ஓயவில்லை.

குணமானபின் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னொரு சாம்பிள் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதுல இவளைப் பத்தி என்ன தெரியும்?"

"தனியா இவளைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது சார். நிறைய குழந்தைங்களைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது புரியும். புரியாமலும் போகலாம்" என்றாள் ஆய்வகத்துப் பெண். அவள் பூசி மெழுகாதது அவருக்குப் பிடித்திருந்தது.

இப்போதெல்லாம் பம்பரம் கத்தினால் அவர் முதலில் காது, பல், வயிறு என்று அழுத்திப் பார்க்கிறார். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. சாக்ஸ் தையல் உறுத்தியிருக்கும், அல்லது என்னவென்றே தெரியாது. அவர் கையைத் தள்ளிவிட்டு அவள் ஓடுகிறாள். அவர் பின்னாலேயே போகிறார்.