மூன்றாவது டர்ன்டேபிள்

டிஜே பம்பரத்துக்கு அந்தக் கடையின் தரை பிடிக்கவில்லை.

கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. சிமென்ட் தரை. அதன்மேல் சுவருக்குச் சுவர் தடித்த ரப்பர் விரிப்பு. பழைய ஸ்பீக்கர்கள் தவறி விழுந்தாலும் அடிபடக் கூடாது என்று யாரோ புண்ணியவான் விரித்திருக்கிறார். அவன் பாட்டுப் போடும் நடன அரங்கில் பலகை மேடை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் போதும், பாட்டின் அடித்தாளம் முழுக்க உள்ளங்காலில் ஏறிவிடும். இங்கே கால் மரத்துப்போன மாதிரி இருந்தது.

காது ஏற்கெனவே பாதி போயாயிற்று.

முழுச் செவிடு என்று சொல்லிவிட முடியாது. பேச்சு கேட்கும். பாடகியின் குரல் கேட்கும். தாழ்ந்த ஒலிகள்தான், டிரம்மின் அடியும் லாரியின் உறுமலும், ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டன. இனித் திரும்பாது என்று காது டாக்டர் கையை விரித்ததை அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னால் அக்கா புருஷனிடம் சொன்ன மாதிரி. அரங்கு அவருடையது. காது போன டிஜேயை எந்த முதலாளி மேடையில் வைத்திருப்பார்? இது வெளியே தெரிந்த அன்றைக்கு மேடை போச்சு.

"என்ன மாப்ள, செருப்பு காணாமப் போயிடும்னு பயமா? வாசல்லயே நிக்கிற," என்றார் மாமா.

அக்கா புருஷன்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். வருகிற வழியில் காருக்குள் வாயே திறக்கவில்லை. தீ விபத்துக்குப் பிறகு அவர் அப்படித்தான்.

அரங்கில் ஆம்ப்ளிஃபயர் பற்றி எரிந்ததில் பக்கத்திலிருந்த, இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் ஒன்றும் கருகிவிட்டது. கூடவே வாசல்காரரின் இரண்டு கைகளும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வாசல்காரர் சொன்னார்: "ஆம்ப் உறுமுதுன்னு தம்பிகிட்ட போய்ச் சொன்னேன். ஒண்ணுமில்ல, போங்கன்னாரு. மனசு கேக்காம நானே பிளக்கைப் பிடுங்கப் போனேன்."

பம்பரம் வேறு மாதிரிச் சொன்னான்: "உறுமலும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. அவர் என்கிட்ட வரவேயில்ல. அவரா எதையோ நோண்டியிருக்கார்."

காதை வைத்துப் பிழைக்கிறவன் பேச்சை விட்டுவிட்டு, கதவு திறந்துவிடுகிறவர் பேச்சையா கேட்பார்கள்? வாசல்காரருக்கு வேலை போயிற்று. அவராக இழுத்துக்கொண்ட வினை என்று அரங்கும் கை கழுவியது.

கருகியதற்குப் பதில் வேறொன்று வாங்கத்தான் இருவரும் இந்தப் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தார்கள். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்த கடைக்காரம்மா மேஜையில் மூன்றை வரிசையாக வைத்திருந்தார்.

முதலாவதின் தட்டைச் சுழலவிட்டு, ஓரத்தில் ஒரு விரலை வைத்தான் பம்பரம். தட்டு திணறி நின்றது.

"இது பெல்ட்ல ஓடுறது."

"வீட்ல உக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்கு நல்லா உழைக்கும் தம்பி."

"எங்கக்காவக் கேளுங்க, நான் என்னைக்கு வீட்ல உக்காந்தேன்னு. ரெக்கார்டைப் பின்னால இழுத்து விட்டா உடனே பாயணும். இது டீ குடிச்சிட்டுதான் கிளம்பும். தட்டுக்கு அடியிலயே மோட்டார் இருக்கற டைரக்ட் டிரைவ்தான் எனக்கு வேணும்."

இரண்டாவது அந்த ரகம்தான். புத்தம் புதுசு போல மின்னியது. பம்பரம் குனிந்து, தட்டின் விளிம்பிலிருந்த புள்ளி வரிசையைச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தான். வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்க வேண்டும். இவை எறும்புச் சாரை போல ஊர்ந்தன. ஊசி தாங்கும் கையை இரு விரலால் மெல்ல ஆட்டினான். ஆடும் பல் போல ஆடியது.

"இதுக்கு மேக்கப்தான் ஜாஸ்தி."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "கண்ணுக்குள்ள பூதக்கண்ணாடி வச்சிருக்கான் உங்க மச்சான்."

"கண்ணு நல்ல கண்ணுதான்," என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது பார்க்கச் சகிக்கவில்லை. உடம்பெல்லாம் கீறல், மூடியைக் காணோம். ஆனால் தூக்கிப் பார்த்தால் கனம். பொத்தானைத் தொட்டதும் தட்டு பாய்ந்தது. விரல் வைத்தான், சட்டை செய்யாமல் சுற்றியது. புள்ளிகள் ஆணியடித்த மாதிரி நின்றன. வேகத்தை மாற்றும் தள்ளுகட்டையை ஏற்றி இறக்கி நடுவில் விட்டான். புள்ளிகள் மறுபடி அதே இடத்தில் நின்றன. பம்பரத்தின் நெஞ்சு லேசாயிற்று. கைக்கும் கண்ணுக்கும் தெரிந்த வேலை முடிந்தது. மிச்சம் ஒன்றுதான்.

"பாட வச்சுக் கேட்டுடு," என்றார் மாமா. "பிளக் லூசா இருக்கு, இரு." மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நிமிர்ந்தவர் அங்கேயே நின்றுகொண்டார்.

கடைக்காரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. பேரத்துக்குத் தயாராகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் பம்பரம்.

ஊசியை இறக்கினான். ஹெட்போனை ஒரு காதில் அழுத்தினான். பாடகி வந்தாள், தெளிவாக. பின்னால் சலங்கை மாதிரி ஏதோ. தாளம் வருகிற இடத்தில் வழக்கம்போல வெற்றிடம். பழக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டான். அலமாரியிலிருந்த ஸ்பீக்கர்களின் ஒலியையும் மாமா ஏற்றினார்.

"எப்படி மாப்ள?"

"சுத்தமா இருக்கு மாமா."

"வேற சத்தம் ஏதாவது?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. இதையே எடுத்துடலாம்."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

பம்பரம் கண்ணை மூடினான். கேட்கிற பாவனையில் அவனை மிஞ்ச ஆளில்லை. "ஒரு தூசு இல்ல மாமா."

கண்ணைத் திறந்தபோது கடைக்காரம்மா இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அலமாரியிலிருந்த கண்ணாடி ஜாடியின் மூடி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மாமா கையை உயர்த்திக் காட்டினார். விரலிடுக்கில் மெல்லிய ஒயர் ஒன்று தொங்கியது.

எர்த் ஒயர். டர்ன்டேபிளிலிருந்து வரும் அதை, ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் முறுக்கி வைக்காவிட்டால் ஸ்பீக்கர் மிருகம் மாதிரி உறுமும். இந்த வேலைக்கு வருகிறவன் முதல் நாளே படிக்கிற பாடம்.

அந்த உறுமல் இவ்வளவு நேரமும் கடை முழுக்க ஓடியிருக்கிறது; அவனுக்குக் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றார் மாமா.

பம்பரம் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினான்.

"தீப்பிடிச்சதுக்கு முந்தியா, பிந்தியா? அதை மட்டும் சொல்லு."

"முந்தி."

மாமாவின் சின்னக் குரல் இன்னும் சின்னதாயிற்று. "காது போனது உன் தப்பில்ல மாப்ள. என்கிட்ட சொல்லியிருந்தா வேற ஏதாவது பண்ணியிருப்பேன். ஆனா அந்த மனுஷன் வந்து சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்." ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. தெரியலைன்னு சொன்னா மாட்டிக்குவேன்னு... ஒண்ணுமில்ல, போங்கன்னுட்டேன்."

"ரெண்டு கையும் போச்சுடா அவருக்கு. சோத்தை அவர் பொண்ணு ஊட்டி விடுது."

கடைக்காரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது நல்ல மெஷின்தானே?" என்றார் மாமா, டர்ன்டேபிளைப் பார்த்து.

"நல்ல மெஷின், மாமா."

"எடுத்துக்கறேன். வேற ஆளைப் போட்டுக்கறேன். நீ வண்டியில ஏறு. நேரா ஆஸ்பத்திரி. என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்லு. அப்புறம் போலீஸ்ல. உங்கக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மாமா குனிந்து ஒயரைப் பொருத்தித் திருகாணியை முறுக்கினார். ஜாடி மூடியின் ஆட்டம் நின்றது. கடைக்காரம்மா காதிலிருந்து கையை எடுத்து, "அப்பாடா, நின்னுச்சு," என்று முணுமுணுத்தார்.

பம்பரம் சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளிகள் அசையாமல் நின்றன. பாடகி அதே தெளிவோடு பாடிக்கொண்டிருந்தாள். எது நின்றது என்று அவன் காதுக்குத் தெரியவில்லை.