அங்கம்மாவுக்குப் போட்ட சுழி

நூம்பல் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு, ஒரே அறை, ஒரே டீச்சரம்மா. அந்த ஒருத்தி தாட்சாயிணி. பூந்தமல்லியிலிருந்து தினமும் மூன்று மைல் நடந்து வந்து, முப்பத்தெட்டுப் பெண்களைக் கட்டி மேய்த்துவிட்டு, மறுபடி மூன்று மைல் நடந்து போகிறவள். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. ஒரு வகுப்புக்குப் பாடம் சொன்னால் மற்ற மூன்றும் சந்தைக்கடையாகிவிடும். ஒவ்வொரு குழந்தையின் மனசையும் அறிந்து போதிக்க வேண்டும் என்று டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தது எப்போதாவது ஞாபகம் வரும். சிரிப்புக்கூட வராது, கொட்டாவிதான் வரும்.

போன வருஷம் வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள், வாசிப்பு படுமோசம், அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் அங்கீகாரம் ரத்து என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள். ரத்தானால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். பூந்தமல்லி வரை பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புகிற வீடு நூம்பலில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே தாட்சாயிணியும் ஊர் உலகத்தில் எல்லா வாத்தியார்களும் செய்வதையே செய்தாள். நாலாம் வகுப்புப் புஸ்தகத்தில் ஆறு பாடங்களைப் பொறுக்கியெடுத்து, இரண்டு மாசம் கூட்டமாகக் கத்தி உருப்போட வைத்தாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற அன்றைக்கு மந்தங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதும் வழக்கம்தான். அப்படி மூன்று பேர். அதில் ஒருத்தி அங்கம்மா. பத்து வயசு, ஒன்றாம் வகுப்பிலேயே மூன்றாவது வருஷம். அம்மா பொன்னியம்மா நடவுக்குப் போகிறவள். இவளுக்குப் படிப்பு ஏறாது என்று தாட்சாயிணி எப்போதோ கைகழுவிவிட்டாள். பின்வரிசையில் உட்கார்ந்து, சின்னதுகளின் விரலைப் பிடித்து மணலில் எழுத்துப் போட்டுக்காட்டு என்று சொல்லி விட்டிருந்தாள். தாட்சாயிணிக்கும் ஒரு தலைவலி குறைந்தது.

"நாளைக்கு நீ ஊட்லயே இரு" என்றாள் முந்தின நாள் சாயங்காலம்.

"ஏன் டீச்சரம்மா?"

"சொன்னா கேளு."

அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருக்கட்டும் என்று மறுநாள் ஆஜரையும் அப்போதே ரிஜிஸ்தரில் எழுதி முடித்தாள். அங்கம்மா பெயருக்கு நேரே வரவில்லை என்று ஒரு சுழி.

காலையில் பார்த்தால் இடுப்பில் ஒரு சின்னதும் கையில் ஒரு சின்னதுமாக அங்கம்மா வந்து நிற்கிறாள். "நான் இல்லன்னா உள்ள வரமாட்டேன்னு இதுங்க ரெண்டும் தெருவுலயே குந்திகினு அழுவுதுங்க டீச்சரம்மா." திருப்பி அனுப்ப நேரமில்லை. ஜட்கா வண்டி திருப்பத்துக்கு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் நாலாம் வகுப்பின் ஐந்து பெண்களையும் எழுப்பினாள். முதல் பெண் வடிவு கணீரென்று வாசித்தாள். இரண்டாவது பெண்ணும் அப்படியே. மூன்றாவது பெண் வாசிக்கிற உற்சாகத்தில் பக்கத்தைப் புரட்ட மறந்துபோய், அடுத்த பக்கத்தில் இருப்பதையெல்லாம் முந்தின பக்கத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். அம்மாள் புஸ்தகத்தை வாங்கி, கடைசிப் பாடத்தைப் பிரித்து நீட்டினாள்.

ஐந்து பெண்களும் ஊமையாக நின்றார்கள். தாட்சாயிணிக்குப் பதினோரு வருஷ நடையும் அந்த நிமிஷத்தில் சேர்ந்து வலித்தது.

"இந்த அறையிலே வாசிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்லையா?" என்றாள் அம்மாள்.

பின்வரிசைச் சின்னதுகள் அத்தனையும் அங்கம்மாவைக் கை காட்டின.

அங்கம்மா எழுந்து வந்தாள். புஸ்தகத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, எழுத்துக்கடியில் விரலை வைத்தாள். "ஏ... ரி... ஏரி. ம... த... கு... மதகு." ஒரு வரி முடிக்க ஒரு யுகம் ஆயிற்று. ஆனால் ஒரு எழுத்தையும் தாண்டவில்லை. தப்பினால் திரும்பி வந்து திருத்திக்கொண்டாள். மூன்று வருஷமாக எத்தனை பிள்ளைகளின் விரலைப் பிடித்துத் திருத்தினாளோ, அதே பொறுமை.

"என்ன அர்த்தம்?"

"மதகு தொறந்தா தண்ணி மொதல்ல பள்ளத்து கயனிக்குப் போவும். எங்க அம்மா அங்கதான் நடும்."

அம்மாள் முகம் இளகியது. பெயர் கேட்டு, ரிஜிஸ்தரைப் புரட்டினாள். விரல் சுழியில் வந்து நின்றது. "இந்தப் பொண்ணு இன்னிக்கு வரலேன்னு போட்டிருக்கே?"

இன்றைக்குப் படிக்க வரவில்லை, சின்னதுகளைக் கொண்டுவிட வந்தவள் என்று சொன்னால் ரிஜிஸ்தர் தப்பித்துவிடும். அந்தப் பொய் தாட்சாயிணியின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

"நான்தான் வரவேண்டாம்னு சொன்னேங்க. மக்குன்னு நெனச்சேன். சுழி நேத்தே போட்டது."

அம்மாள் வெகுநேரம் எழுதினாள். ரிஜிஸ்தர் பொய்; நாலாம் வகுப்பு வாசிப்பு பூஜ்யம்; ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் நன்றாக வாசிக்கிறாள், யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை; ஆறு மாசம் தவணை, மறுபடி வருவேன், தேதி சொல்ல மாட்டேன். ஜட்கா கிளம்பியது.

தாட்சாயிணி நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இல்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்து, அங்கம்மாவின் சுழியை அடித்தாள். சுத்தமான ரிஜிஸ்தரில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. வடிவையும் மற்ற நால்வரையும் கூப்பிட்டு, பின்வரிசையில் மணலுக்கு முன்னால் உட்காரச் சொன்னாள்.

அங்கம்மா சிணுங்குகிற பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி மேசைக்கு வந்தாள். சுழியோ கோடோ அவள் கண்ணில் படவில்லை.

"டீச்சரம்மா, அடுத்த தபா அந்தம்மா வரசொல்ல நான் ஊட்லயே இருக்கட்டுமா?"