பக்கத்து இருக்கையின் பிரேக்

காலை ஏழு மணிக்கே மாஸ்டருக்குக் கண் எரிந்தது. அவர் வேலை பார்க்கும் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பினாலே போதும், பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கில் அவர் கால் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சாப்பாட்டு மேஜையில் எதிரே அவர் மனைவி. மருந்துக் கடையில் பதினாறு வருடம் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுத்தவள். பிறவியிலேயே இடதுகைக்காரி. நாலு மாதத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் பேச்சையும் காலையும் விட்டுவிட்டு, அந்த இடது கையை மட்டும் குறிபார்த்துப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. நன்றாக இருக்கும் வலது கைக்கு இப்போது தடித்த உறை. சும்மா விட்டால் அதுவே எல்லா வேலையையும் செய்துவிடுமாம். கட்டிப்போட்டால்தான் இடது கை எழுந்து வருமாம். தினமும் நூறு பாட்டில் மூடிகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும்.

"முப்பத்தி ஒண்ணு," என்றாள். அடுத்த மூடி விரலிடுக்கில் நழுவியது. முகம் சுருங்கியது. மாஸ்டரின் இரண்டு விரல்கள் அவள் மணிக்கட்டுக்கு அடியில் போய் முட்டுக் கொடுத்தன. மூடி பத்திரமாக இறங்கியது.

"பாத்தியா, எவ்ளோ நல்லா வருது!"

அவளுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. அவருக்கும் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மிச்ச மூடிகளும் அவர் விரல்கள் மேலேயே இறங்கின. மருத்துவமனை கொடுத்த தாளில் நூறு என்று எழுதிவிட்டு எழுந்தார். மூன்று வாரமாக இதே கதைதான்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் சோதனை. பலகையில் ஒன்பது துளை, பக்கத்தில் ஒன்பது சின்ன மரமுளைகள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டையாவது தானாகச் செருகினால் பயிற்சியில் இடம் நீடிக்கும். இல்லையென்றால் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

இயன்முறை மருத்துவர் மாஸ்டரைச் சுவரோரமாக உட்கார வைத்தாள். கடிகாரம் ஓடியது. மனைவியின் விரல்கள் முளையைத் தொட்டன, உருட்டின, கீழே தள்ளின. ஒன்றுகூட நிற்கவில்லை.

மருத்துவர் தாளைப் புரட்டினாள். "தினமும் நூறு. ஒரு நாள்கூட குறையல. வீட்டுல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே காட்டுங்க. சாரும் வாங்க."

காட்டினார்கள். மாஸ்டரின் விரல்கள் வழக்கம்போல அடியில் போயின. அப்போதுதான் அவரே அவற்றைப் பார்த்தார்.

"சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கார் ஓட்டக் கத்துத் தரேன்."

"எல்லாத் திருப்பத்துலயும் நீங்களே ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டா, அவங்க எப்பக் கத்துக்கறது?"

மாஸ்டர் தன் விரல்களை மெல்ல உருவிக்கொண்டார்.

"மூளையில செத்துப்போன இடம் திரும்பி வராது. மிச்சம் இருக்கிற இடம் அந்த வேலையைக் கத்துக்கணும். கை தானா முயற்சி பண்ணி, தப்பு விட்டு, மறுபடி முயற்சி பண்ணாத்தான் அதுக்குப் பாதை விழும். நீங்க தூக்கினா உங்க மூளைதான் சார் கத்துக்கும். அதுக்கு ஏற்கனவே தெரியும்." பெருமூச்சு விட்டாள். "ரெண்டு வாரம் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது."

வீட்டுப் படியேறும்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "நான்தான் பண்றேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நீ படற பாட்டப் பாக்க முடியலம்மா."

"பாக்க முடியலன்னா கண்ண மூடிக்கோங்க. எனக்குத் திரும்பக் கடைக்குப் போகணுங்க."

மறுநாள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம், ஏழு மூடி. ஏழு என்றே எழுதினார். ஒவ்வொரு மூடி நழுவும்போதும் அவர் வலது கால் மட்டும் தரையை ஓங்கி மிதித்தது.

"பிரேக் அங்க இல்லீங்க," என்றாள், நிமிராமலே.

ஒன்பது. பதினொன்று. மறுபடி எட்டு. ஐந்தாம் நாள் கிண்ணத்தையே தள்ளிவிட்டு அழுதாள். பாதி மூடிகள் தரையில் சிதறின. "பொறுக்கறதுக்காவது எனக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டுக்கொண்டு மாஸ்டர் மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு மூடி கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. இன்னொன்று விழுந்தது.

இரண்டாவது சோதனையில் முதல் முளை நின்றது. இரண்டாவது, ஐம்பத்தாறாவது நொடியில். மூன்றாவது உருண்டு ஓடியது.

"மூணு மாசம் நீட்டியாச்சு," என்றாள் மருத்துவர். "தினமும் வரணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இன்னும் மூன்று மாதம் மூடி.

பயிற்சிப் பள்ளிக் காரில் மனைவி பக்கத்து இருக்கையில் ஏறினாள். மாஸ்டரின் கை பழக்கத்தில் அவள் பெல்ட்டை நோக்கி நீண்டது. பாதியில் ஞாபகம் வந்து திரும்பியது. அந்தக் கூச்சத்தில் வண்டியைக் கிளப்பினார். ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது. அவள் கால், அவளுக்கு முன்னாலிருந்த பிரேக்கில் இருந்தது.

"பெல்ட் போடாத ஆளை வச்சிக்கிட்டு வண்டி எடுக்கறதா? நல்ல மாஸ்டர்!"

இடது கை பெல்ட்டை இழுத்தது. நழுவியது. மறுபடி இழுத்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. மாஸ்டர் ஜன்னல் வழியே கையை நீட்டி, சுற்றிப் போகச் சொல்லிக் காட்டினார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டார்.