எண்டர் தட்டிய கை

ஞாயிறு மதியம் என் மனைவியின் தம்பி வந்தான். மேசைமேல் நான் திருத்திக்கொண்டிருந்த அச்சுப்படிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் கணினியில் பென்டிரைவைச் செருகினான். அப்போதே அவன்மேல் எனக்குக் கசப்பு ஏறிவிட்டது.

"மாமா, உங்க குகை கேமுக்குப் படம் போட்டுட்டேன். பாருங்க."

அந்த விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். கோடு என்றால் சுவர், புள்ளி என்றால் தரை. சின்ன டி நாய், பெரிய டி டிராகன். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். அதனால் பொழுது போகாதவர்களெல்லாம் அதற்குச் சட்டை தைத்துப் பார்க்கிறார்கள். பதினெட்டு வருடமாக அதை ஆடுகிறேன். பதிப்பகத்தில் பிழை திருத்துவது என் வேலை. எழுத்தைப் பார்த்தே பயப்படத் தெரிந்தவனுக்குப் படம் எதற்கு?

பார்த்தேன். டிராகன், வயிற்றுப்பொருமல் வந்த பல்லியைப் போல இருந்தது. வீரனுக்குச் சவர பிளேடு விளம்பரத்துத் தாடை. தங்கம் நொடிக்கொரு தரம் கண்ணடித்தது. நான் வாய் திறக்கவில்லை. அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

"நல்லாருக்கா மாமா?"

"ஐஸ்கிரீம் கடை போர்டு மாதிரி இருக்கு."

"அவரு வாயிலேர்ந்து இவ்வளவு வந்ததே பெருசுடா" என்றாள் என் மனைவி, துணி மடித்தபடி.

என் ஆட்டத்தில் அப்போது ஒரு வீரன் உயிரோடு இருந்தான். பதினொரு மாதமாக இருந்தான். அடித்தளம் வரை இறங்கி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலேறிக்கொண்டிருந்தான். இன்னும் நான்கே தளம். இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட உயிரோடு வெளியே வந்ததில்லை. அங்கே செத்தால் சேமித்த கோப்பும் சேர்ந்து அழிந்துவிடும்.

"உங்க பழைய ஆட்டம் இதுலயும் திறக்கும் மாமா. ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு ஆடிப் பாருங்க."

காப்பியாம். கோப்பை நகலெடுத்து வைப்பது எங்கள் ஆட்களிடையே சீட்டைத் தொடைக்கடியில் ஒளிப்பதற்குச் சமம். அப்படி ஜெயித்தவனை யாரும் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

"உன் பொம்மைக்குப் பயந்து நான் காப்பி எடுக்கணுமா?"

"அப்போ புது ஆட்டமாவது..."

"தள்ளு."

ஒரு தளம் ஏறினேன். படங்களை நான் பார்க்கவே இல்லை. வழி விரல்களுக்குத் தெரியும். அடுத்த தளத்தின் குறுகிய வழியில் ஒரு காவலன் நின்றான். நாம் சும்மா இருந்தால் அவனும் சும்மா இருப்பான். அவன்மேல் மோதினால், 'தாக்கவா?' என்று விளையாட்டு கேட்கும். எழுத்துத் திரையில் ஒய் தட்டினால்தான் ஆம். வேறு எதைத் தட்டினாலும் இல்லை. பதினெட்டு வருடமாக நான் எண்டர் தட்டித்தான் இல்லை சொல்லியிருக்கிறேன்.

விரல் போன வேகத்தில் அவன்மேல் மோதினேன். நீலக் கரை போட்ட பெட்டியொன்று துள்ளி வந்தது. அதைப் படிப்பதே கேவலம் என்று தோன்றியது. எண்டர் தட்டினேன்.

வீரன் வாளை ஓங்கினான். காவலன் திரும்பினான். மூன்றே அடி. என் வீரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுச் சரிந்தான். அதை மட்டும் மைத்துனன் ரொம்பப் பாடுபட்டு வரைந்திருந்தான். பிறகு ஒரு கல்லறை. பக்கத்தில் பூ வேறு.

"என்னங்க ஆச்சு?"

"போயிட்டான்."

"யாரு?"

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

மைத்துனன் மெதுவாகக் கேட்டான். "பெட்டியில கேட்டிருந்துச்சே மாமா. படிக்கலையா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

"ஆம்-ங்கிறத முன்னாடியே அமுக்கி வெச்சது எவன்டா?"

"அது தானா அப்படித்தான் வரும். நான் கவனிக்கல. எண்டர் தட்டினா ஆம்-னு எடுத்துக்கும்."

"கவனிக்கல! தாடைக்கு மட்டும் நேரம் இருந்துச்சு."

அவன் உட்கார்ந்து, பெட்டியில் 'இல்லை' முதலில் நிற்குமாறு மாற்றினான். பத்து நிமிட வேலை. மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டுமாம். ஒரு வரி தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான்.

"பிழை இருக்கா பாருங்க மாமா."

'கேள்வியைப் படிக்காமல் எண்டர் தட்டுகிறவர்களுக்காக.'

எழுத்தெழுத்தாகப் படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.