மூக்கம்மாளின் மூடையில் சாரை

பாம்பென்றால் எல்லாருக்கும் பயம். எனக்குப் பயமில்லை, அருவருப்பு. அதிலும் சாரை என்றால் சொல்லவே வேண்டாம். விஷம் கிடையாது, எலியையும் தவளையையும் பிடித்துத் தின்று நமக்கு நல்லதுதான் செய்கிறது என்பார்கள். செய்யட்டும். காட்டுக்குள்ளேயே இருந்து செய்யட்டும்.

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம் சோலைக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பறித்த இலையை மூடையில் இறுக்கிக் கட்டினால் சூடேறிச் சிவந்துவிடும். அதனால் வாயைக் கட்டாமல் கல்வரப்பு நிழலில் வைப்போம். கல்லிடுக்கு முழுக்க எலி. எலி இருக்கிற இடத்துக்குச் சாரை வராமலா இருக்கும்? அன்று மழைக்குளிர் வேறு. வயிறு முட்டத் தின்றுவிட்டு, கதகதப்பாக இருக்கிறதென்று என்னோடு கொழுந்து பறிக்கும் மூக்கம்மாள் அக்காவின் மூடைக்குள் புகுந்து படுத்துக்கொண்டது, சனியன்.

அக்காவுக்கு அன்றைய எடை முக்கியம். இன்னொரு நாள் குறைந்தால் வேலைக்கே வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் ஈஸ்வரன் சொல்லியிருந்தார். எடை போடும் இடத்தில், மூடையைத் தராசில் மாட்டியாயிற்று, எடையும் சரியாக நின்றது. முற்றல் இலை கிடக்கிறதா என்று பார்க்க ஈஸ்வரன் உள்ளே கையை விட்டார். சாரை சீறிக்கொண்டு எழுந்தது. பயந்துவிட்டால் அது தின்றதைக் கக்கிவிட்டுத்தான் ஓடும். கக்கியது. பாதி கரைந்த எலி, முடியெல்லாம் கொழகொழவென்று, பச்சைக் கொழுந்தின் மேல். அந்த நாற்றத்தில் காலையில் தின்ற கப்பைக்கிழங்கு எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

சாரை ஓடைப் பக்கம் ஓடி மறைந்தது. எட்டிப்போய் நின்ற ஈஸ்வரன் மூக்கைப் பொத்தியபடி, "இந்த எல ஆகாது, பேர் போட முடியாது" என்றார். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. எலியைக் குச்சியால் கீழே தள்ள வைத்தார். பிறகு, சத்தமில்லாமல், அதே மூடையை லாரியில் ஏற்றச் சொன்னார். சாரை கக்கியதைவிட அதுதான் எனக்குக் குமட்டியது.

மூக்கம்மாள் அக்கா குனிந்து எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினாள். சொட்டச் சொட்ட அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

"ஆகாத எலைய என்னத்துக்கு சார் ஏத்துதீக? எல போகுதுன்னா எம் பேரும் போகணும். இல்லன்னா கீழ கொட்டுங்க. ரெண்டும் இல்லன்னா இது ஒங்க சட்டப் பையில."

"எழுதுதேன், எழுதுதேன்! அங்கிட்டுப் போ!"

எழுதினார். ஆனால் மூடை லாரியில்தான் ஏறியது.

சற்று நேரத்தில் எல்லாருக்கும் பால் விடாத கட்டன்சாயா வந்தது. அக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முதல் கிளாஸை எடுத்து ஈஸ்வரனிடம் நீட்டினாள்.

"குடிங்க சார். நம்ம தோட்டத்து எலதான்."

ஈஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஓடினார்.